எஸ்தெவெல் ஊரில் ஒரு வங்காளப் பையன்

ஜூலை 22, இந்திர லால் ராய் இறந்த நாள். ஆண்டு 1918. முதல் உலகப்போர் முடிய நான்கு மாதம்கூட இல்லை. வடக்கு பிரான்சில் கார்வின் என்ற ஊருக்கு மேலே நடந்த வான்சண்டையில், பிரிட்டிஷ் படைக்காக அவன் ஓட்டிய போர்விமானம் வீழ்ந்தது. அப்போது வயது 19. இருபதாவது பிறந்தநாள் டிசம்பர் 2-ம் தேதி வந்திருக்க வேண்டும்.

வீட்டில் அவனை லாடி என்று கூப்பிட்டார்கள். நானும் இந்தக் கட்டுரையில் அவன் என்றே எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. என் மகன் கல்லூரி முடிக்கப்போகிறான். அவனைவிட லாடி சின்னவன். படத்தில் அந்த முகத்தைப் பார்த்தால் 'அவர்' என்று சொல்ல வாய் வராது. மீசை அரும்பாத முகம், ராணுவச் சீருடை, நேராகப் பார்க்கும் கண்கள். அந்தக் கண்களுக்கு ஒரு கதை இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவனுக்கும், கல்கத்தாவில் பிறந்து லண்டனில் வளர்ந்த பாரிஸ்டர் வீட்டுப் பையனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் தறிக்கு அடுத்து பட்டாளம்தான். வேலூர், காட்பாடி, குடியாத்தம், பரதராமி தாண்டினால் சித்தூர், பலமநேர் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் பட்டாளத்துக்காரர் வீடு இல்லாத தெரு அபூர்வம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். கூடத்துச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சீருடைப் படம் மாட்டியிருக்கும். எங்கள் சொந்தத்திலும் அப்படித்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 'தம்பி' என்று ராணுவம் முழுக்கக் கூப்பிடுகிற படைப்பிரிவு அது. பெங்களூரில்தான் அவர்களுடைய மையம். மாமாவின் தாத்தாவும் அதே படையில் முதல் உலகப்போருக்கு இராக்கின் பஸ்ரா போனவர். ஆகவே போர் என்றால் எங்கள் வீட்டில் அது பாடப்புத்தகச் சமாசாரம் இல்லை. மனியார்டர், லீவு, பென்ஷன், அப்புறம் வராமல் போன கடிதம்.

லாடி எனக்கு அறிமுகமானது ஒரு தபால்தலையில். அவன் பிறந்து நூறு ஆண்டு ஆனதற்காக 1998-ல் நம் அஞ்சல்துறை அதை வெளியிட்டது. தபால்தலை சேர்க்கிற வழக்கம் அப்போது எனக்கு உண்டு. யார் இந்தப் பையன், இவ்வளவு சின்ன வயதில் இறந்திருக்கிறானே என்று பார்த்ததுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு விட முடியவில்லை.

1898-ல் கல்கத்தாவில் பிறந்தான். குடும்பத்தின் பூர்வீகம் இன்று வங்கதேசத்தில் இருக்கும் பாரிசால் பகுதி. அப்பா பியாரி லால் ராய் பாரிஸ்டர். அம்மா பெயர் லலிதா. 1901 வாக்கில் குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது. அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1911 ஜூன் 17-ம் தேதி லண்டனில் பெண்கள் ஓட்டுரிமை கேட்டுப் பெரிய ஊர்வலம் போனார்கள். அதில் புடவை கட்டிய இந்தியப் பெண்கள் சிலர் பதாகையோடு நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அதில் ஒருவர் லாடியின் அம்மா. அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. உரிமைக்காகத் தெருவில் இறங்கும் தாய், வழக்காடும் தந்தை. அந்த வீட்டுப் பிள்ளை துணிச்சல்காரனாக வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தான். போர் தொடங்கியபோது அவனுக்குப் பதினைந்து வயது. மேல் வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவராகப் போருக்குப் போவதையும், அவர்களில் பலர் திரும்பாததையும் பார்த்தபடிதான் அவன் பள்ளிப்படிப்பு முடிந்திருக்கிறது. பள்ளியில் இருந்தபோதே பதுங்குகுழிப் போருக்கான ஒரு மார்ட்டர் பீரங்கியை வரைந்து ராணுவ அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறான். கை எப்போதும் வரைந்துகொண்டே இருந்த பையன்.

பிரிட்டிஷ் விமானப்படை வேண்டும் என்றுதான் ஆசை. அப்போது அதற்கு ராயல் ஃப்ளையிங் கோர் என்று பெயர். கண்பார்வை போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாடி தன் மோட்டார் சைக்கிளை விற்றான். அந்தக் காசில் நாட்டின் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் போய்க் கண்ணைக் காட்டினான். பார்வை சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் சொல்ல, முந்தைய முடிவு மாறியது. பதினெட்டு வயதுப் பையனுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் என்ன என்று பிள்ளை பெற்ற யாருக்கும் தெரியும். அதைவிட ஒன்று பெரிதாகப் பட்டிருக்கிறது அவனுக்கு. 1917 ஏப்ரலில் சேர்ந்தான். ஜூலையில் அதிகாரியானான். அக்டோபர் கடைசியில் பிரான்சில், 56-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில்.

போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில், நவம்பர் 6-ம் தேதி, விமானத்தோடு தரையில் மோதினான். இறந்துவிட்டான் என்று நினைத்துப் பிணவறையில் கிடத்தினார்கள் என்றும், நினைவு வந்து உள்ளிருந்து கதவைத் தட்டினான் என்றும் சொல்லப்படுகிறது. காயம் பலமானது. இனி பறக்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். அத்தோடு அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருமுறை செத்துப் பிழைத்தவன் இவன் என்று ஊரே கொண்டாடியிருக்கும்.

அந்த மாதங்களில் அவன் படம் வரைந்தான். விமானங்கள், வான்சண்டைகள், புகைந்தபடி விழும் இயந்திரங்கள். பென்சில் கோடுகளில் அத்தனை துல்லியம். இறக்கை எந்தக் கோணத்தில் சாயும், வால் எப்படித் திரும்பும் என்று கூடவே பறந்தவனுக்கு மட்டும் தெரிகிற விஷயங்கள் அவற்றில் இருக்கின்றன. அவற்றில் பல தப்பிப் பிழைத்து இன்றும் இருக்கின்றன. அந்தப் படங்களின் பிரதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். போர் பிடித்து வரைந்தானா, பறப்பது பிடித்து வரைந்தானா? பறப்பதுதான் என்று நம்புகிறேன். எதிரியின் முகத்தை வரைந்து வெறுப்பைக் கொட்டுகிற படம் எதையும் நான் பார்த்ததில்லை. எல்லாம் விமானம், விமானம், விமானம்.

மறுபடி வாதாடி, மறுபடி தேறி, 1918 ஜூனில் 40-வது ஸ்குவாட்ரனுக்கு வந்தான். அங்கே அவனுக்கு மேல் இருந்தவர் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்ற அயர்லாந்துக்காரர், கைதேர்ந்த விமானி. ஜூலை 6-ம் தேதி லாடி முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினான். 8-ம் தேதி சில மணி நேரத்துக்குள் மூன்று. 13-ம் தேதி இரண்டு, 15-ம் தேதி இரண்டு, 18-ல் ஒன்று, 19-ல் ஒன்று. கூட்டினால் பத்து. அதில் இரண்டு, மற்றவர்களோடு சேர்ந்து வீழ்த்தியவை. பின்னால் கொடுத்த விருதின் குறிப்பில் பதின்மூன்று நாளில் ஒன்பது என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து விமானங்களை வீழ்த்தியவரை 'ஏஸ்' என்று சொல்வார்கள். முதல் போரில் அந்தப் பெயர் பெற்ற ஒரே இந்தியன் லாடி. 19-ம் தேதிக்குப் பிறகு மூன்றே நாள்தான் இருந்தான்.

எண்ணிக்கையை வைத்து மட்டும் அவனைக் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பத்து விமானங்களிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அம்மாக்கள் இருந்தார்கள். என்னை நிறுத்திவைப்பது அவன் ஏறிப்போன அந்த இயந்திரம்தான்.

எஸ்.இ.5ஏ என்று பெயர். ஒற்றை ஆள் விமானம், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. எலும்புக்கூடு மரம். அதன் மேல் தோல் எது தெரியுமா? துணி. லினன் துணி. பிரிட்டனின் தொழிற்சாலைகளில் பெண்கள் உட்கார்ந்து அந்தத் துணியை வெட்டி, தைத்து, மரச்சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்துவார்கள். அதன்பின் 'டோப்' என்ற ஒரு பூச்சைத் தூரிகையால் அடிப்பார்கள். அது காயக்காயத் துணி சுருங்கி விறைப்பாகும். எங்கள் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு வெயிலில் இழுத்துக் காயவைத்தால் நூல் எப்படி விறைத்து நிற்குமோ, கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனால் கஞ்சி தீப்பிடிக்காது. டோப் பிடிக்கும். எளிதில் பற்றி வேகமாக எரியும்.

இதை நான் மாமாவிடம் சொன்னபோது அவர் பரதராமிப் பக்கம் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதுமாக வாழ்க்கையைக் கழித்த மனிதர். எதற்கும் எளிதில் அசர மாட்டார்.

"இன்னா சொல்ற மாப்ள? துணியிலயா பறந்தானுங்க?"

"ஆமா மாமா. மரமும் துணியும்தான்."

"பெட்ரோல் டேங்க் எங்க இருக்கும்?"

"இன்ஜினுக்குப் பின்னால. ஓட்டுறவன் முழங்காலுக்கு முன்னாடி."

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாராசூட்டு?" என்றார்.

பாராசூட் கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பலூனில் ஏறி வேவு பார்ப்பவர்களுக்குப் பிரிட்டன் பாராசூட் கொடுத்தது. விமானத்தில் சண்டை போடுகிறவர்களுக்குப் போர் முடியும்வரை கொடுக்கவில்லை. அதே 1918 கோடையில் ஜெர்மன் விமானிகளுக்கு அது வரத் தொடங்கிவிட்டது. ஜூன் 29-ம் தேதி எர்ன்ஸ்ட் உடெட் என்ற ஜெர்மன் விமானி பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்திருக்கிறார். லாடி இறந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. துணி விமானம், முன்னால் பெட்ரோல், ஆயிரக்கணக்கான அடி உயரம். தீப்பிடித்தால் செய்வதற்கு எதுவுமே இல்லை. அத்தனை அரும்பாடு பட்டு அந்த இருக்கைக்கு வந்த பையனைக் காப்பாற்ற ஒரு மூட்டை பட்டுத்துணி இருந்திருந்தால் போதும்.

சண்டைக்குள் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திறந்த இருக்கை. முகத்தில் அடிக்கும் காற்று ஜூலையிலும் உறையவைக்கும். ஆக்சிஜன் கிடையாது. முன்னால் சுழலும் விசிறியின் இலைகளுக்கு இடையில் புகுந்து சுடும் விக்கர்ஸ் துப்பாக்கி ஒன்று. மேல் இறக்கைக்கு மேலே லூயிஸ் துப்பாக்கி இன்னொன்று. அதன் தோட்டா வட்டு தீர்ந்துவிட்டால், துப்பாக்கியைத் தண்டவாளத்தில் பின்னுக்கு இழுத்துத் தன் தலைக்கு நேராகக் கொண்டுவந்து, காலி வட்டைக் கழற்றிப் புது வட்டை மாட்டி, மறுபடி மேலே தள்ள வேண்டும். இது நடக்கும்போது விமானத்தையும் ஓட்ட வேண்டும். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பியும் பார்க்க வேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். இதையெல்லாம் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் நாள்தோறும் செய்தான்.

ஜூலை 22 அன்று எதிரே வந்தவை ஃபாக்கர் டி.7 விமானங்கள். ஜெர்மனி அந்தப் போரில் செய்த விமானங்களில் மிகச்சிறந்தவை என்று சொல்லப்படுபவை. லாடி திரும்பவில்லை. அவன் விழுந்த பகுதி அப்போது ஜெர்மானியர் கையில் இருந்தது.

"பாடி கெடச்சுதா?" இது மாமாவின் அடுத்த கேள்வி. பட்டாளத்து வீட்டில் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான். எப்படி இறந்தார் என்பது அப்புறம்.

கிடைத்தது. எஸ்தெவெல் என்ற சின்ன ஊரின் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறான். கல்லறையில் பிரெஞ்சு மொழியிலும் வங்காள மொழியிலும் எழுதியிருக்கிறது. வங்காள வாசகம்: மாவீரன் ஒருவனின் சமாதி, மரியாதை செய்யுங்கள், தொடாதீர்கள் என்று. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட பிரான்சின் ஒரு கிராமத்தில் வங்காள எழுத்துகள் நூறு வருடமாக வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன.

இறந்தபின் 1918 செப்டம்பரில் டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் என்ற, விமானிகளின் வீரத்துக்கான விருது கொடுத்தார்கள். அதைப் பெற்ற முதல் இந்தியன் லாடி. அவனுக்கு மேல் இருந்த மெக்கெல்ராயும் ஜூலை 31-ம் தேதி இறந்துபோனார். ஒன்பதே நாள் இடைவெளி.

லாடியைப்போல் அந்தப் போரில் விமானம் ஓட்டிய இந்தியர்கள் இன்னும் மூன்று பேரின் பெயர்கள் தெரியும். பம்பாய்க்காரர் ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர் 1918 ஜூன் கடைசியில் சுடப்பட்டு, காயத்தால் எதிரிகளிடம் கைதியாக இறந்தார். எரோல் சந்தர் சென் கைதியாகப் பிடிபட்டு, போர் முடிந்தபின் வெளியே வந்தார். ஹர்தித் சிங் மாலிக் காலில் குண்டோடு தப்பி, ஐ.சி.எஸ். அதிகாரியாகி, பிற்பாடு சுதந்திர இந்தியாவின் தூதராக அதே பிரான்சுக்குப் போனார். 1985 வரை வாழ்ந்தார். லாடி பிழைத்திருந்தால் அவனுக்கும் அப்படி ஒரு நீண்ட வாழ்க்கை இருந்திருக்கும். ஓவியனாக ஆகியிருப்பானோ, விமானம் வடிவமைப்பவனாக ஆகியிருப்பானோ.

யாருக்காகச் செத்தான் என்ற கேள்வியை நானும் தவிர்க்கப்போவதில்லை. நம்மை ஆண்டவர்களின் படையில் சேர்ந்து, நமக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் செத்தவனை எதற்கு நினைக்க வேண்டும் என்று படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். அவன் இறந்து ஒன்பது மாதத்தில் ஜாலியன்வாலாபாக் நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக அந்தப் பையனைப் பொறுப்பாக்குவது நியாயம் இல்லை. மூன்று வயதில் லண்டன் போனவன். கூடப் படித்தவர்கள் எல்லாம் போனார்கள், அவனும் போனான். ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், நானும் எழுதுவேன். ஆனால் செத்தவன் எந்தக் கொடியின்கீழ் செத்தான் என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் அழுவேன் என்று சொன்னால், எங்கள் வேலூர் மாவட்டத்தில் பாதி வீடுகளில் அழுவதற்கே அனுமதி இருக்காது. பஸ்ராவுக்குப் போனவர்களும் அந்தக் கொடியின்கீழ்தான் போனார்கள்.

இங்கேதான் லாடியின் கல்லறை எனக்கு வேறு ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது.

வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது. காய்கறி, மளிகை, பாத்திரக் கடைகளுக்கு நடுவில், ஆட்டோவும் தள்ளுவண்டியும் முட்டிக்கொள்ளும் இடம். குடியாத்தத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் மொத்தச் சரக்கு எடுக்க வருகிறவர்கள் அதைக் கடக்காமல் போக முடியாது. அதில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறது. 1914-ல் தொடங்கிய பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். யார் அந்தப் பதினான்கு பேர்? எந்தத் தெரு? எங்கே செத்தார்கள்? ஒரு பெயர்கூடக் கிடையாது. இதே வாசகத்தில் எண்ணை மட்டும் மாற்றிய கற்கள் பழைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் இருக்கின்றன.

அந்தப் போரில் பணியாற்றிய இந்தியர்கள் சுமார் 13 லட்சம். இறந்தவர்கள் ஏறத்தாழ 74,000. எஸ்தெவெல் ஊரிலிருந்து வெகுதூரம் இல்லாத நெவ் ஷாபெல் என்ற இடத்தில் 1927-ல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில், கல்லறை இல்லாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பிரான்சில் செத்தவர்களுக்கு அது நடந்தது. நம் பக்கத்து ஆட்கள் அதிகம் போனது மெசபடோமியாவுக்கு, இன்றைய இராக்குக்கு. அங்கே பஸ்ரா நினைவுச்சுவரில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் போட்டார்கள். சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழே எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல் தன் பழைய கணக்கைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், மற்றவர்களும் சேர்ந்து குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

லாடிக்குப் பெயர் நின்றதற்கு அவன் வீரம் மட்டும் காரணம் இல்லை. அவன் அதிகாரி. படித்த, செல்வாக்குள்ள குடும்பம். லண்டனில் இருந்த அம்மா. பள்ளியின் நினைவேடு. படம் எடுத்துவைக்க ஆள் இருந்தார்கள், எழுதிவைக்க ஆள் இருந்தார்கள். இதை அவன்மேல் குறையாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

இறந்தவனுக்குப் பெயர் எழுதுவதை வெள்ளைக்காரன் நமக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் வட ஆர்க்காட்டு மண், செங்கம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கம் எல்லாம் நடுகல் பூமி. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, அவன் உருவம் செதுக்கி, பெயரும் பெருமையும் எழுதி, மயிற்பீலி சூட்டி வணங்கிய மண். இன்றும் பல ஊர்களில் அந்தக் கல்லை வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாட்டைக் காக்கச் செத்தவனின் பெயர் கருந்தேவகத்தி. அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. திருடர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் எழுதியிருக்கிறது. 1,400 வருடமாக அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது.

அதே நிலத்தில், நூறு வருடத்துக்கு முன் கடல் கடந்து போய்ச் செத்த பதினான்கு மனிதர்களுக்குப் பெயர் இல்லை. லாடியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் லாங் பஜாரில் போய் நிற்பது இதனால்தான்.

மாமாவிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்த அன்றைக்கு அவர் எழுந்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்தார். பத்திரங்கள், பழைய பாஸ்புக், அத்தையின் கல்யாணப் பத்திரிகை. அடியில் ஒரு துணி முடிச்சு. அதற்குள் ஒரு பதக்கம். ரிப்பன் மட்கி, ஆரஞ்சு நிறம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் வாள் ஏந்திய ஆள், 1914, 1918 என்ற இரண்டு ஆண்டுகள். வெள்ளி. கறுத்துப்போயிருந்தது.

"தாத்தாவோடது. பாட்டி இத விக்கவே வுடல. ஒருதபா பஞ்சத்துல தாலியக்கூட அடமானம் வச்சாங்களாம், இத வைக்கல" என்றார் மாமா.

நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. விளிம்பைப் பார்த்தேன். போனில் டார்ச்சைப் போட்டு, பதக்கத்தைப் பக்கவாட்டில் பிடித்து, மெல்லத் திருப்பினேன். கண்ணாடி இல்லாமல் தெரியாத அளவு சின்ன எழுத்து. முதலில் ஓர் எண். அடுத்து சாப்பர் என்ற பதவி. பிறகு அவருடைய பெயர், எழுதிய வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி கொஞ்சம் கோணலாக, ஆனால் முழுசாக. கடைசியில் கியூ.வி.ஓ. சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ். மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தானே ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அறுபது வருடமாக அந்த வீட்டில் இருந்த பதக்கத்தில் பெயர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "நம்ம தாத்தாதான்டா" என்று இரண்டு முறை சொன்னார்.

முதல் போரில் இந்தியப் படைகளுக்குக் கொடுத்த பதக்கங்களின் விளிம்பில் பெறுபவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிப்பது வழக்கம். சுமை தூக்கியவர்கள், சமைத்தவர்கள் போன்றோருக்கு வெள்ளிக்குப் பதில் வெண்கலம் கொடுத்தார்கள். அதிலும் விளிம்பில் எழுத்து இருக்கும். இறந்தவர்களின் பதக்கங்கள் வாரிசுகளுக்கு வந்தன. ஆக, மணிக்கூண்டில் இல்லாத பெயர்கள் சில இந்த மாவட்டத்தின் ஏதோ பரண்களில், தகரப் பெட்டிகளில், பூஜை அறைத் தட்டுகளில் இன்னும் இருக்கலாம். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் எடைக்குப் போய் உருகியவை எத்தனையோ.

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி, சித்தூர், பலமநேர்ப் பக்கத்தில் யார் வீட்டிலாவது அப்படி ஒரு பதக்கம் இருந்தால், பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். ஈரம் இல்லாத மெல்லிய துணியால் துடைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விழவைத்து, விளிம்பைச் சுற்றிலும் நாலைந்து படம் எடுங்கள். எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, வீட்டுப் பெரியவர்களிடம் அவர் எந்த வருடம் போனார், திரும்பினாரா என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதி, பதக்கத்தோடு வையுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் நான் சேர்த்துவைக்கிறேன். மாமாவுடைய தாத்தாவின் தாளை எழுதி முடித்துவிட்டோம். பெட்டியில் இருக்கிறது.